30 பவுண்டா, 80 பவுண்டா? பழைய நேரோ கேஜ் பாதைகளின் தண்டவாள எடையும் பாதை போடும் முறையும்

கேள்வி: தோட்டத்துலைன்

வணக்கம். பழைய ரப்பர்த் தோட்டங்களில் ஓடிய சின்ன ரயில் பாதை எப்படி இருந்தது என்று காட்ட, சிங்கப்பூரில் ஒரு சமூகக் கண்காட்சிக்கு நிஜ அளவில் 6 மீட்டர் பாதை போடப் போகிறோம். ஜோகூரில் பழைய தண்டவாளம் கிடைக்கிறது. விற்பவர் "30 பவுண்டு, ரெண்டடி கேஜ்" என்கிறார் (கேஜ் என்பது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள அகலம்). மேலே நிற்கப் போவது பக்கவாட்டில் கவிழ்த்துக் கொட்டும் பழைய இரும்புப் பெட்டி வண்டி ஒன்று. ஆள் தள்ளி முன்னும் பின்னும் நகர்த்துவோம், அவ்வளவுதான்.

தெரிய வேண்டியவை: விற்பவர் சொல்வது 30 பவுண்டுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது? தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போட எத்தனை கட்டை, எவ்வளவு இடைவெளி, என்ன ஆணி? இன்னொன்று, புக்கிட் தீமா பழைய ஸ்டேஷனில் விட்டு வைத்திருக்கும் தண்டவாளம் இதைவிட ரொம்பத் தடிமன். அதுவும் அகலம் குறைந்த பாதைதானே? எடையை எதை வைத்து முடிவு செய்தார்கள்?

---

பதில்: மீட்டர்கேஜ்_மணி

பவுண்டு என்றால் ஒரு கெஜ நீளத்துக்கு எத்தனை பவுண்டு எடை என்பது. அதைப் பாதியாக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிட்டத்தட்ட வந்துவிடும். 30 பவுண்டு என்றால் மீட்டருக்கு 14.9 கிலோ, 60 என்றால் 29.8, 80 என்றால் 39.7.

சரிபார்க்க எளிய வழி எடை போடுவதுதான். 30 பவுண்டுத் தண்டவாளம் அடிக்குச் சரியாக 10 பவுண்டு வரும், அதாவது 4.5 கிலோ. விற்பவரிடம் ஒரு அடித் துண்டு அறுபட்டுக் கிடந்தால் சாதாரணத் தராசே போதும். 3.6 கிலோ வந்தால் அது 24 பவுண்டு, அல்லது நன்றாகத் தேய்ந்துபோன 30.

துண்டு கிடைக்காவிட்டால் வெட்டுமுகத்தை அளக்க வேண்டும். உருக்கில் ஒரு சதுர அங்குல வெட்டுமுகம் கெஜத்துக்கு 10.2 பவுண்டு. அறுபட்ட முனையைத் தாளில் வைத்துக் கோடிழுத்து, கட்டம் எண்ணிப் பரப்பைக் கணக்கிட்டு 10.2-ஆல் பெருக்குங்கள். 30 பவுண்டுக்கு மூன்று சதுர அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

உயரத்தை மட்டும் அளந்து முடிவு கட்டாதீர்கள். தலை தேய்ந்தால் உயரம் குறையும். அடிப்பாத அகலம் அவ்வளவாக மாறாது. அதனால் பாதத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும். துருச் செதில் இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தட்டிவிட்டு அளக்கவும். பாதத்தின் விளிம்பில் செதில் 2 மி.மீ. வரை ஏறி நிற்கும், இல்லாத தடிமனை இருப்பதாகக் காட்டும்.

பிரிட்டிஷ் தர அளவுகள் சில (முதல் எண் பவுண்டு, எழுத்து வெட்டுமுகக் குறி; பிறகு உயரம், பாதம், தலை என்ற வரிசையில், மி.மீ.):
50 ஓ: 100, 100, 52.4
60 ஏ: 114.3, 109.5, 57.2
75 ஏ: 128.6, 114.3, 61.9
80 ஏ: 133.4, 117.5, 63.5
90 ஏ: 142.9, 127, 66.7

30 பவுண்டு இதில் எதற்கும் பக்கத்தில் வராது. உயரம் 75-இலிருந்து 80-க்குள், தலை 40-ஐ ஒட்டி இருக்கும். உயரமும் பாதமும் இரண்டும் சரியாக 79 மி.மீ. (மூன்றே கால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு) என்றால் அது அமெரிக்க வெட்டுமுகம். அந்தத் தர வரிசையில் உயரமும் பாதமும் சமமாகத்தான் இருக்கும்.

தலைக்கும் பாதத்துக்கும் நடுவே உள்ள பக்கவாட்டுத் தகட்டில் எழுத்து புடைத்திருக்கிறதா பாருங்கள். உருட்டும்போதே ஆலை பெயர், வெட்டுமுகக் குறி, ஆண்டு எல்லாம் வந்து விழும். சுண்ணாம்புக் கட்டியைப் படுக்க வைத்துத் தேய்த்தால் துருவுக்கு நடுவிலும் எழுத்து எழும்பும். புக்கிட் தீமாவிலும் முதலில் இந்த எழுத்தைத் தேடுங்கள். மலாயா ரயில்வேயின் பிரதான பாதை 80 பவுண்டு, மேலே உள்ள நாலாவது வரி.

கேஜ் விஷயத்தில் விற்பவர் வாயை நம்பாதீர்கள். தோட்டங்களில் 600 மி.மீ. இருந்தது, 610 இருந்தது, 700-உம் இருந்தது (பேராக் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில்). தண்டவாளத்துக்குக் கேஜ் கிடையாது, வண்டிக்குத்தான் உண்டு. ஆகவே வண்டியின் சக்கரத்தை அளந்த பிறகே பாதை. இரண்டு சக்கர விளிம்புகளின் (தண்டவாளத்துக்கு உள்பக்கம் இறங்கி நிற்கும் பகுதி) வெளிப்பக்கத்துக்கு இடையே உள்ள அளவைவிடப் பாதை 10-இலிருந்து 15 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

---

பதில்: அச்சுப்பளு

எடை எப்படி முடிவானது என்ற கேள்விக்கு வருகிறேன். கேஜுக்கும் தண்டவாள எடைக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. எடையைத் தீர்மானிப்பது அச்சில் இறங்கும் பளு. அதோடு கட்டை இடைவெளியும் அடியில் இருக்கும் ஜல்லியும். இந்த மூன்றில் ஒன்றை மிச்சம் பிடித்தால் மற்ற இரண்டில் செலவழித்தே ஆக வேண்டும்.

அமெரிக்க எஞ்சின் ஆலைகளின் பட்டியல்களில் வழங்கிய கணக்கு இது: 30 அடித் தண்டவாளத்துக்கு 14 கட்டைக்குக் குறையாமல் இருந்தால், கெஜத்துக்கு 10 பவுண்டுக்கு ஒரு சக்கரம் 2240 பவுண்டு, அதாவது ஒரு பழைய டன், தாங்கும். அதே கணக்கைத் தாராளமாகப் போட்டவர்கள் 3000 பவுண்டு வரை போனார்கள்.

கொலராடோவில் இதைப் போட்டுப் பார்க்கலாம். டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் 1871-இல் 3 அடி கேஜில் பாதை போடத் தொடங்கியபோது 30 பவுண்டு இரும்புத் தண்டவாளம்தான். அப்போது ஓடிய 'மான்டெசூமா' எஞ்சினின் மொத்த எடையே 12.5 அமெரிக்க டன். அதற்கு அது தாராளம். அதே கம்பெனியின் வாரிசு அதே 3 அடி கேஜில் 1925-இல் கொண்டு வந்த கே-36 எஞ்சினில், இழுக்கும் சக்கரங்கள் எட்டின் மேல் மட்டும் 143,850 பவுண்டு உட்காருகிறது. சக்கரத்துக்கு 18,000 பவுண்டு. முதல் கணக்குப்படி 80 பவுண்டுத் தண்டவாளம் வேண்டும், தாராளக் கணக்கில் போனாலும் 60. கேஜ் ஒரு அங்குலம்கூட மாறவில்லை, தண்டவாளம் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. புக்கிட் தீமாவின் 80 பவுண்டுக்கும் இதுதான் பதில். அதன்மேல் ஓடியது முழு அளவு மெயின்லைன் ரயில். மீட்டர் கேஜ் என்பது அகலத்தை மட்டும்தான் சொல்கிறது.

வேல்ஸில் ஃபெஸ்டினியாக் பாதையும் இதே கதை. 1836-இல் திறந்தபோது கற்பலகை ஏற்றிய வண்டிகள் இறக்கத்தில் தானாக உருண்டு வரும், குதிரைகள் காலிப் பெட்டியை மேலே இழுக்கும். அதற்கு 16 பவுண்டு போதுமானதாக இருந்தது. 1863-இல் நீராவி எஞ்சின் வந்தது, 1869-இல் இரட்டை எஞ்சினான 'லிட்டில் ஒண்டர்' வந்தது. தண்டவாளமும் 50 பவுண்டை நெருங்கியது.

எடை இரண்டு மடங்கானால் பலமும் இரண்டு மடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வடிவம் ஒன்றாகவே இருந்து எடை இரட்டித்தால், வளையாமல் நிற்கும் விறைப்பு ஏறக்குறைய 4 மடங்கு, முறியாமல் தாங்கும் பலம் 2.8 மடங்கு. ஆகவே 30-இலிருந்து 60-க்குப் போனால் இரும்புக்கு இரட்டிப்புக் காசு, பராமரிப்பில் அதைவிடப் பல மடங்கு மிச்சம். அப்புறம் ஏன் 30-இல் தொடங்கினார்கள்? கையில் முதல் இல்லை, தண்டவாளம் கப்பலில் வர வேண்டும், கட்டையோ பக்கத்துக் காட்டிலேயே கிடைக்கிறது. இரும்பைக் குறைத்துக் கட்டையைக் கூட்டுவது அன்றைய கணக்குக்குச் சரி.

கேஜ் பெயருக்கு ஒன்று, தரையில் வேறொன்று என்றால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் வேல்ஸின் டாலிலின் பாதை. 1865 காலத்தில் போட்ட 44 பவுண்டு இரும்புத் தண்டவாளம், 2 அடி 3 அங்குலக் கேஜ். 1951-இல் தொண்டர்கள் கையில் எடுத்தபோதும் அதே தண்டவாளம்தான் பெரும்பகுதி. மூடிப்போன கோரிஸ் ரயில்வேயிலிருந்து வாங்கிய 3-ஆம் எண் எஞ்சினை ஓட்டினால் தண்டவாளத்துக்கு நடுவே விழுந்தது. பெயருக்கு 2 அடி 3 அங்குலம், தரையில் அரை அங்குலம் கூடுதல். பழைய எஞ்சின்களுக்குச் சக்கரப் பட்டை அகலம், அதனால் தப்பித்தன. கோரிஸ் எஞ்சினுக்குப் பட்டை ஒடுக்கம்.

இரும்பா உருக்கா என்பதும் கவனிக்க வேண்டியது. பழைய தேனிரும்புத் தண்டவாளம் பட்டைகளை அடுக்கிப் பற்றவைத்து உருட்டியது. தலை அடுக்கடுக்காக உரியும். 1857-இல் டெர்பி ஸ்டேஷனில் போட்ட முதல் உருக்குத் தண்டவாளம், இரும்பு சில மாதமே நின்ற இடத்தில் 16 வருஷம் நின்றது. நீங்கள் வாங்குவதன் தலையில் நீளவாக்கில் கோடு கோடாகப் பிளவு தெரிந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டி விஷயம் சின்னது. ஒரு கன மீட்டர்ப் பெட்டி வண்டி மண்ணோடு 2 டன் என்று வைத்தாலும் இரண்டு அச்சு, நாலு சக்கரம், சக்கரத்துக்கு அரை டன். கணக்குப்படி 5 பவுண்டுத் தண்டவாளமே போதும்! தோட்டத்தில் 30 போட்டார்கள் என்றால் அது வண்டிக்காக இல்லை, எஞ்சினுக்காக.

---

பதில்: கட்டையும்_ஜல்லியும்

மணி அண்ணன் அளவைச் சொல்லிவிட்டார், நான் போடும் வேலையைச் சொல்கிறேன்.

6 மீட்டர் 30 பவுண்டுத் தண்டவாளம் ஒன்று 89 கிலோ, இரண்டும் சேர்ந்து 180-க்குப் பக்கம். நாலு பேர் இடுக்கி போட்டுத் தூக்க வேண்டிய எடை. இரண்டு பேர் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்டவாளம் புரண்டால் காலை எடுத்துவிடும். மூன்று மூன்று மீட்டராகக் கிடைத்தால் கண்காட்சிக்கு அதுதான் இன்னும் நல்லது, நடுவில் ஒரு ஜாயிண்டைக் காட்டலாம்.

கட்டை நீளம் கேஜைப் போல் இரண்டு மடங்கு என்பது பொது வழக்கம். 610-க்கு 1.2-இலிருந்து 1.35 மீட்டர், அகலம் 15 செ.மீ., தடிமன் 11.5 செ.மீ. ஒப்பிட, இந்திய மீட்டர் கேஜ் மரக்கட்டை 1.8 மீ. நீளம், 20 செ.மீ. அகலம், அதே 11.5 தடிமன். இடைவெளி நடுவுக்கு நடு 60 செ.மீ., இரண்டு கோடியிலும் 30 செ.மீ. தள்ளி. 10 கட்டை வரும். நடுவில் ஜாயிண்ட் இருந்தால் அதன் இரு பக்கக் கட்டைகளை 45 செ.மீ. ஆக நெருக்கி மற்றதைச் சரிசெய்து கொள்ளுங்கள், பக்கத்துக்கு 6 என்று 12 ஆகும். ஜாயிண்ட் கட்டையின் மேல் உட்காரக் கூடாது, இரண்டு கட்டைக்கு நடுவே தொங்க வேண்டும். லேசான தண்டவாளத்தில் ஜாயிண்டுக்கு அடியில் நேராகக் கட்டை வைத்தால் சக்கரம் ஒவ்வொரு முறையும் சுத்தியல் மாதிரி அடித்து, கட்டையின் மேல்தோல் நொறுங்கிப் பள்ளம் விழும்.

மரம்: செங்கால் என்ற மலேசியக் கடினமரம் கிடைத்தால் அதை விட்டால் வேறில்லை. கரையானும் ஏறாது, நம்ம ஊர் மழைக்கும் தாங்கும். பழைய ரயில் கட்டை சும்மா கிடைத்தாலும் வாங்காதீர்கள். மருந்தேற்றிய கட்டையில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும், வெயிலில் கசியும். பிள்ளைகள் வந்து உட்காரும் இடத்தில் அது ஆகாது.

ஆணி: 30 பவுண்டுக்கு அரை அங்குலச் சதுரம், 4 அங்குல நீள நாய்த்தலை ஆணி. கட்டைக்கு 4, பன்னிரண்டு கட்டைக்கு 48, கையில் 50 வைத்துக்கொள்ளுங்கள். செங்காலில் துளை போடாமல் அடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: கட்டை பிளக்கும், இல்லை ஆணி வளையும். 10 மி.மீ. துளை, ஆணி நீளத்தைவிட ஒரு அங்குலம் குறைவான ஆழம். நாலு ஆணியும் ஒரே கோட்டில் வரக் கூடாது. இரண்டு தண்டவாளத்துக்கும் வெளிப்பக்க ஆணி கட்டையின் ஒரு விளிம்பு ஓரமாக, உள்பக்க ஆணி மறு விளிம்பு ஓரமாக. அப்படி அடித்தால்தான் கட்டை திரும்பாது. ஒரே கோட்டில் அடித்தால் மரத்தின் நரம்போடு பிளந்து போகும், கட்டையும் மெல்லக் கோணலாகும்.

வரிசை இப்படி. மண்ணைச் சமமாக்கி, மேலே துணி விரித்து, 10 செ.மீ. ஜல்லி பரப்பித் தட்டுங்கள். கட்டைகளை நூல் கட்டி ஒரு முனையைக் கோட்டில் வையுங்கள். ஒரு தண்டவாளத்தை மட்டும் முழுக்க ஆணி அடித்து முடியுங்கள், அதுதான் ஆதாரம். இரண்டாவதைக் கேஜ் கம்பி வைத்து, முதலில் இரண்டு கோடி, பிறகு நடு, அதன் பிறகே இடையில் உள்ளவை. கேஜை அளப்பது தலையின் உச்சியில் அல்ல, உச்சிக்குக் கீழே 10-இலிருந்து 14 மி.மீ. இறங்கி, தலையின் உள்முகத்தில். பிறகு கட்டைகளுக்கு இடையில் ஜல்லியைக் கொட்டி, தண்டவாளத்தின் இரு பக்கமும் கட்டைக்கு அடியில் கடப்பாரையால் குத்தி இறுக்குங்கள். கட்டையின் நடுவில் குத்தவே கூடாது. நடு இறுகி, ஓரம் தளர்ந்திருந்தால் கட்டை முதுகு உடைந்துவிடும்.

ஜல்லி 20-40 மி.மீ. கருங்கல், மொத்தம் 1.5-இலிருந்து 2 கன மீட்டர். எடை 3 டன்னை எட்டும். இடம் தருபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தரைக்கு அடியில் கார் நிறுத்துமிடம் இருந்தால் முதல் கேள்வியே அதுதான்.

ஜாயிண்டில் இரு துண்டையும் பக்கவாட்டில் பிடிக்க இணைப்புத் தகடு 4, போல்ட்டு 8. போல்ட்டுத் துளையை கேஸ் வைத்து ஊதி எடுக்க வேண்டாம், துளையிட வேண்டும். ஊதிய துளையின் ஓரத்திலிருந்துதான் பிளவு கிளம்பும். தகடும் தண்டவாளமும் உரசும் முகத்தில் பெயிண்ட் அடிக்காமல் எண்ணெய் பூசுங்கள். இடைவெளி 3 மீட்டருக்கு ஒரு மி.மீ. போதும். 12 மீட்டர்த் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் 4 மி.மீ. சொச்சம் நீளும், அதே விகிதம்தான்.

பழைய தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: வேறு வேறு தேய்மானம் உள்ள துண்டுகளை இணைப்பது. தலையில் 2 மி.மீ. படி வந்தாலும் வண்டி அங்கே முட்டும். தேய்ந்த துண்டின் தலையின் அடிப்பக்கத்துக்கும் இணைப்புத் தகட்டின் மேல் விளிம்புக்கும் நடுவே மெல்லிய தகடு செருகி உயர்த்துங்கள், மிச்சத்தைக் கிரைண்டரில் சரிவாகத் தேயுங்கள். உள்முகப் படியைத் தகடு வைத்துச் சரிசெய்ய முடியாது. அதற்கு ஒத்த தேய்மானம் உள்ள துண்டாகப் பொறுக்குவதுதான் வழி.

---

தோட்டத்துலைன்

மூவருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தியே கிடைத்தது. இன்னும் ஒன்று: நேராகப் போட்டால் பார்க்கச் சப்பென்று இருக்கும் என்று குழுவில் சொல்கிறார்கள். லேசாக வளைக்கலாமா?

---

பதில்: கட்டையும்_ஜல்லியும்

வளைக்கலாம், ஆனால் தண்டவாளத்தை முதலிலேயே வளைத்துக்கொள்ள வேண்டும். நேர்த் தண்டவாளத்தை ஆணியால் இழுத்து வளைவுக்குள் அடக்கினால் நடுப்பகுதி படியும், முனைகள் படியாது. ஜாயிண்டில் முழங்கை மாதிரி மூலை விழும், கேஜும் அங்கேதான் விரியும்.

ஆரம் 20 மீட்டர் என்று வையுங்கள். தண்டவாளத்தின் உள்முகத்தில் 3 மீட்டர் நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் 56 மி.மீ. இடைவெளி வர வேண்டும். திருகு வளைப்பானைக் கொண்டு அரை மீட்டருக்கு ஒரு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, நூல் பிடித்துப் பார்த்து, திரும்ப வளைக்க வேண்டும். ஒரே இடத்தில் முழுக்கத் திருகினால் ஒடிந்த மாதிரி மடிப்பு நிற்கும், அதை நிமிர்த்த முடியாது.

வளைவில் வெளித் தண்டவாளம் உள்பக்கத் தண்டவாளத்தைவிட நீளம். 6 மீட்டருக்கு ஏறக்குறைய 20 செ.மீ. வித்தியாசம் வரும், உள்பக்கத் தண்டவாளத்தை அந்த அளவுக்கு அறுத்தால்தான் இரண்டு முனையும் நேர் எதிராக நிற்கும். கேஜை 6 மி.மீ. விரித்து வையுங்கள். தள்ளும் வண்டிக்கு வெளிப்பக்கத்தை உயர்த்த வேண்டாம். உயர்த்தினால் நிறுத்தி வைக்கும்போது வண்டி உள்பக்கம் சாயும், பெட்டி தானாகக் கவிழும்.

---

பதில்: அச்சுப்பளு

ஒரு சேர்க்கை. விளக்கப் பலகை வைப்பீர்கள் என்றால், கழற்றிப் போட்ட தண்டவாளத்தின் வரலாற்றையும் ஒரு வரி சேருங்கள். 1942-43-இல் ஜப்பானியர் 415 கி.மீ. சயாம்-பர்மா பாதையைப் போட்டபோது, மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பெயர்த்துத் தண்டவாளத்தை அங்கே கொண்டு போனார்கள். இரண்டும் மீட்டர் கேஜ் என்பதால் அப்படியே பொருந்திற்று. அந்தச் சடக்கைப் போடக் கொண்டு போனவர்களில் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம், திரும்பாதவர்களும் ஏராளம்.

---

பதில்: மீட்டர்கேஜ்_மணி

வண்டி வந்ததும் சக்கர விளிம்பின் ஆழத்தையும் அளந்துவிடுங்கள். 30 பவுண்டின் தலை குட்டை. தேய்ந்த தலையும் தேய்ந்த சக்கரமும் சேர்ந்தால் விளிம்பு கீழே இறங்கி ஜாயிண்டுத் தகட்டின் மேல் விளிம்பையோ ஆணித் தலையையோ தட்டும். விளிம்புக்குக் கீழே 5 மி.மீ. ஆவது காலி இருக்க வேண்டும். போல்ட்டு நட்டுகளை இந்தத் துண்டில் எல்லாமே வெளிப்பக்கம் வைத்துவிடுங்கள். எஞ்சின் ஓடும் பாதையில் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று மாற்றி வைப்பார்கள், தடம் புரண்ட சக்கரம் எல்லா நட்டையும் ஒரே அடியில் சீவிவிடாமல் இருக்க. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இரவில் வண்டியை நிறுத்தும்போது இரண்டு சக்கரத்துக்கும் இரு பக்கமும் மரக்கட்டை வைத்து, தண்டவாளத்தின் இரு கோடியிலும் தடுப்புப் பூட்டிவிட்டுப் போங்கள்.